பாட்டு தெளிவாகக் கேட்க மிக்சர் பக்கம் நில்லுங்கள்

புதுச்சேரி ஒயிட் டவுன் கஃபே மாதிரி சின்ன இடத்தில் இண்டி ராக் பேண்ட் (சொந்தப் பாட்டு வாசிக்கும் சுயாதீன ராக் குழு) கேட்கப் போனால், மேடை முன்னால் முண்டியடிக்காமல் சவுண்ட் இன்ஜினியரின் மிக்சருக்கு, அதாவது எல்லா ஒலிகளையும் கலந்து சரிசெய்யும் கருவிக்கு, பக்கத்தில் நில்லுங்கள். தன் காதில் விழுவதை வைத்துத்தான் அவர் ஒலியைச் சரிசெய்கிறார். மேடைக்கு நேர் முன்னால் டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) நேரடியாகக் காதில் அறையும். பாடகர் குரலோ இரு பக்க ஸ்பீக்கர்களில் இருந்து வருவதால் உங்களைத் தாண்டிப் போய்விடும். பேண்ட்காரர்களே எழுதிய புதுப் பாட்டு, வரி புரியாவிட்டால் பாதி போச்சு!

மிக்சரை மேடை ஓரத்திலோ சுவர் மூலையிலோ வைத்திருந்தால் இது பொருந்தாது. மூலையில் பேஸ் ஒலி, அதாவது தாழ்ந்த கனமான ஒலி, வீங்கிக் கேட்கும். அப்போது ஸ்பீக்கர்களுக்கு நடுவே, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றால் சரி. மைக் இல்லாத அக்கூஸ்டிக் நிகழ்ச்சி என்றால் முன்வரிசையேதான்.