இரண்டு ஃபோன், ஒரு அளவு டேப்: ஒலியின் வேகத்தைப் பிள்ளைகளே அளக்கலாம்

பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் ஒலியின் வேகத்தைப் போர்டில் எழுதிப்போட்டால் சிலர் மனப்பாடம் செய்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் எண். அவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை.

நுண்ணறிவு ஒன்றல்ல, பல என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் எழுதினார். அதை வைத்து 'இவன் கண்ணால் படிப்பவன், இவள் காதால் படிப்பவள்' என்று முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. ஒரே பாடத்துக்குள் நுழையப் பல வாசல் வைத்தால் போதும்.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் (phyphox) செயலியை இரண்டு ஃபோன்களில் இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான், இறக்கியபின் இணையம் வேண்டாம். பாட வீடியோக்களைவிட இதையே நான் விரும்புகிறேன். இதில் பிள்ளை தன் கையால் அளக்கிறது.

இரண்டிலும் 'அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்' (ஒரு சத்தத்தில் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் கடிகாரம்) திறந்து, 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். ஃபோனுக்கு ஒருவர். முதலாமவர் கை தட்டினால் இரண்டு கடிகாரமும் ஓடும்; இரண்டாமவர் கை தட்டினால் இரண்டும் நிற்கும்.

நான் இரண்டு பீரியட் தடுமாறிய இடம் இதுதான். தட்டுவதற்கு முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம், எதுவும் போதும். 'த்ரெஷோல்ட்' எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்; பேச்சுக்கு ஓடாமல் தட்டலுக்கு மட்டும் ஓட வேண்டும். அது சரியானதும் வேறு சிக்கல் வந்தது: ஓடிய கடிகாரம் உடனே நின்றது. முதல் தட்டலின் எதிரொலியே அதை நிறுத்திவிடுகிறது. ஓடத் தொடங்கியபின் நிற்கக் குறைந்தது எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று சொல்லும் 'மினிமம் டிலே'யை அரை வினாடிக்கு ஏற்றினேன், சரியாகிவிட்டது. கைதட்டலைவிட இரண்டு மரக்கட்டைகள் மேல். சத்தம் வெடுக்கென்று வரும். தட்டுபவர் தன் ஃபோனை ஒட்டி, இரண்டு ஃபோனையும் இணைக்கும் கோட்டிலேயே நிற்கட்டும்.

இனி கணக்கு. முதல் தட்டல் இரண்டாம் ஃபோனுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும்; இரண்டாம் தட்டல் முதல் ஃபோனுக்குத் தாமதமாக வந்து சேரும். இரண்டு தாமதமும் சேர்ந்ததுதான் இரண்டு கடிகாரங்களின் வித்தியாசம். ஒரு ஃபோன் 2.364 வினாடி, மற்றது 2.335 என்று காட்டினால் வித்தியாசம் 0.029. ஒலி போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர். 10-ஐ 0.029-ஆல் வகுத்தால் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர். காற்று 20 டிகிரியில் இருந்தால் 343; வெயில் ஏற ஏற வேகமும் கூடும். ஐந்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கட்டை தட்டவே ஓடிவருபவர்கள், டேப் பிடிப்பவர்கள், பிழை எங்கே என்று நோட்டில் தேடுபவர்கள், எல்லோருக்கும் இதில் வேலை உண்டு.

பிற்சேர்க்கை 1: ஒரு ஆசிரியைக்கு விடை எப்போதும் கூடுதலாகவே வந்ததாம். ஃபோன்களின் மேல்முனைகளுக்கு இடையே அளந்திருக்கிறார். பெரும்பாலான ஃபோன்களில் மைக் கீழ்ப்பக்கம். மைக்கிலிருந்து மைக் வரை அளக்க வேண்டும்.

பிற்சேர்க்கை 2: காது கேளாத மாணவி இருக்கிறாள், என்ன செய்யலாம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அதே செயலியில் 'ஆடியோ ஸ்கோப்' இருக்கிறது. இசைக்கவையைத் தட்டி மைக் அருகே பிடித்தால் அலை திரையில் வரும். 'ரிமோட் அக்சஸ்' போட்டு, ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, அது காட்டும் முகவரியை பிரவுசரில் தட்டினால் புரொஜெக்டரிலும் தெரியும். இசைக்கவையை அந்த மாணவியின் கையிலேயே கொடுங்கள். அதிர்வை விரலில் உணர்ந்துகொண்டே அலையைத் திரையில் பார்ப்பாள்.