லீட் டிரம்பெட்டுக்கு மவுத்பீஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழுவில்) லீட், அதாவது டிரம்பெட் வரிசையை முன்நடத்தும் முதல் டிரம்பெட், வாசிக்கும் இடம் கிடைத்ததும் பலர் கடைக்குப் போய், இருப்பதிலேயே ஆழம் குறைந்த மவுத்பீஸை (உதட்டை வைத்து ஊதும் முனையை) வாங்கிவிடுகிறார்கள். ஹை சி என்ற உச்ச சுரத்துக்கு மேல் எட்டாத சுரங்களை அது எட்டவைக்கும் என்று நம்புகிறார்கள். எட்டவைக்காது. ஆழம் குறைந்த கப் (மவுத்பீஸின் கிண்ணம் போன்ற பகுதி), சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஹார்மானிக்குகளைத் தூக்கிக் கொடுத்து ஒலியைப் பளிச்சென்று ஆக்கும். அதனால் முழு பேண்டையும் தாண்டிக் கேட்க அவ்வளவு பலமாக ஊத வேண்டியிருக்காது, கச்சேரியின் கடைசிப் பாட்டுவரை உதடு தாங்கும். ஆனால் அது ஏற்கெனவே கைவசமுள்ள சுரங்களுக்குத்தான். புதிய சுரங்கள் மூச்சையும் நாக்கின் நிலையையும் உதட்டுக் கட்டுப்பாட்டையும் பழக்கித்தான் வரும்.

அதிகம் பேரைக் காயப்படுத்துவது இன்னொரு தவறு: தங்கள் உதட்டைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவது. ஊதும்போது உதடு கப்புக்குள் கொஞ்சம் புகும். எவ்வளவு புகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கப்பின் ஆழம் மிகக் குறைவாக இருந்தால் உதடு உள்சுவரைத் தொட்டு அதிர்வை நிறுத்திவிடும். சுரம் மெல்ல மெலியாது, சட்டென்று அறுந்துபோகும். மேலே போகப் போக இன்னும் அழுத்துகிறோம், உதடு இன்னும் உள்ளே போகிறது, இன்னும் அடைபடுகிறது. ஆழம் ஒன்றாக இருக்கும் இரண்டு மவுத்பீஸ்களில்கூட, உதடு படும் விளிம்பான ரிம்மை ஒட்டிய உள்சரிவு வேறாக இருந்தால் ஒன்று ஒத்துவரும், மற்றது வராது. ஆகவே உதடு களைப்பில்லாமல் இருக்கும் காலையில் மட்டும் சோதிக்காதீர்கள். நன்றாக வாசித்து, உதடு கொஞ்சம் வீங்கிய பிறகும் ஊதிப் பாருங்கள். அப்போதும் சுரம் பேசினால்தான் அது உங்களுக்கானது.

கப்பின் விட்டமும் ஆழமும் வேறு வேறு. லீட் என்றால் விட்டம் குறைந்த மவுத்பீஸ்தான் என்று கட்டாயம் இல்லை. பழகிய ரிம்மையும் விட்டத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு கப்பையும், அதைத் தாண்டி மவுத்பீஸுக்குள் விரிந்து செல்லும் குழாயான பேக்போரையும் மட்டும் மாற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ரிம்மைக் கழற்றி மாட்டும் வகை இதற்கு வசதி.

எண்களை நம்பி வாங்கும்போது கவனம் தேவை. பாக் நிறுவன மவுத்பீஸில் எண் சிறியதானால் விட்டம் பெரிது, ஏ என்ற எழுத்து ஆழமான கப். ஷில்கியிலும் யமஹாவிலும் இரண்டுமே தலைகீழ்: எண் கூடினால் விட்டம் கூடும், ஏ என்றால் ஆழம் குறைவு. லீட்டுக்குப் பலர் எடுக்கும் ஷில்கி 14ஏ4ஏ-வில் முதல் ஏ கப்பையும் கடைசி ஏ இறுக்கமான பேக்போரையும் சொல்கிறது.

கப்பின் அடியிலுள்ள குறுகிய துளையான த்ரோட்டைத் துளைத்துப் பெரிதாக்குவது திரும்பப் பெற முடியாத வேலை. பாக் மவுத்பீஸின் வழக்கமான துளை 27-ஆம் எண் டிரில், ஏறத்தாழ 3.66 மில்லிமீட்டர். அதைப் பெரிதாக்கினால் மூச்சு சீக்கிரம் தீரும். எதிர்ப்பக்கமும் ஆபத்துதான்: ஆழமில்லாத கப், சிறிய த்ரோட், இறுக்கமான பேக்போர் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பலருக்கு ஒலி நெரிபடும். ஏதாவது ஒன்றாவது திறந்திருக்கட்டும்.

ஒரே ஒரு உச்ச சுரத்தை ஊதிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புதிய மவுத்பீஸ் முதல் சில நாட்கள் எல்லாருக்கும் பிரமாதமாகத்தான் தோன்றும். டியூனரை வைத்து ஆக்டேவ்களைச் சரிபாருங்கள். கப் ஆழம் குறைந்தால் சுருதி ஏறும், டிரம்பெட் வரிசை முழுவதும் லீட்டின் சுருதியைத்தான் பின்பற்றும். கீழ்ச் சுரங்களை மெதுவாகவும் வாசியுங்கள். மவுத்பீஸின் வால்பகுதியான ஷேங்க், டிரம்பெட்டில் அதைச் செருகும் ரிசீவரில் ஆடாமல் உட்கார்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, ஒரு நண்பரை அரங்கின் பின்வரிசையில் உட்காரவைத்து, பழையதையும் புதியதையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசியுங்கள். உங்கள் காதில் தீயாகக் கேட்பது அங்கே மெலிந்த கீச்சொலியாகப் போய்ச் சேரலாம்.