ஞாயிறு பிரியாணியும் திங்கள்கிழமை எடையும்

ஞாயிறு மதியம் பிரியாணி, ராத்திரி ரசம் சாதத்தோடு நாலு அப்பளம். திங்கள்கிழமை காலை மெஷினில் ஏறினால் 1.4 கிலோ கூடியிருக்கிறது. ‘இந்த டயட்டே வேஸ்ட்’ என்று அன்றைக்கே கைகழுவுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு தடவை அப்படி விட்டவன்தான்.

அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், உடம்பு செலவழிப்பதற்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அது சாத்தியமா? ஏறியதில் பெரும்பங்கு உப்பு பிடித்து வைத்த தண்ணீர், மீதி குடலில் இன்னும் கிடக்கும் சாப்பாடு. இரண்டு மூன்று நாளில் அதுவாக இறங்கிவிடும்.

ஏறும்போது பயமுறுத்தும் இதே தண்ணீர் இறங்கும்போது ஆசை காட்டும். அதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். சோறு, இட்லியை நிறுத்திவிட்டு பேலியோ மாதிரி ஒன்றில் இறங்கினால் முதல் வாரமே இரண்டு கிலோ காணாமல் போகலாம். ஈரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்று மாவுச்சத்து இருப்பு ஒன்று உண்டு, ஏறக்குறைய அரை கிலோ. அதன் ஒவ்வொரு கிராமும் குறைந்தது 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இருப்பு கரைந்தால் தண்ணீரும் போகும், மறுபடி சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பும். ‘ஏழே நாளில் 5 கிலோ’ விளம்பரங்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. முதல் வார எடையைப் பார்த்து எந்த டயட்டுக்கும் மார்க் போடாதீர்கள்.

சரி, எப்படித்தான் பார்ப்பது? காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன்னால், ஆடாத தரையில், அதே மெஷின். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிலக்கை ஒட்டிப் பெண்களுக்கு நீர் கோத்து எடை கூடுவது சகஜம். அவர்கள் போன மாதம் இதே நாட்களோடு ஒப்பிட்டால்தான் நியாயம். மெஷின் காட்டும் ‘கொழுப்பு சதவீதம்’ உடம்பின் நீரைப் பொறுத்து மாறும். நான் அதைக் கண்டுகொள்வதில்லை.

தையல்காரர் டேப் அதைவிட நேர்மையானது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டு அளவெடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது! இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. மெஷின் மூன்று வாரம் நகராமல் நின்றபோது என் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது.

‘எந்த டயட் நல்லது’ என்ற சண்டையில் நேரம் போக்குவதும் ஒரு தவறுதான். 2018-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பையும் மறுபாதிக்கு மாவுச்சத்தையும் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் சராசரியாக 5.3 கிலோ, 6 கிலோ என்று இறங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஏகமாகக் குறைத்தவர்களும் இருந்தார்கள், கூட்டியவர்களும் இருந்தார்கள். ஆகவே டயட் சார்ட் கைக்கு வந்ததும் நான் பார்ப்பது, பொங்கலன்று மாமியார் வீட்டுப் பந்தியில் அது தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்க வேண்டாம். மருந்து அதே அளவில் இருக்க சோறு பாதியானால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கத்தில் விடும்.