வாடிக்கையாளர் சொல்லாமல் போகிறார்: சிறு கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விருதுநகர் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் மளிகைக் கடை இருக்கிறது. அப்பா நடத்தினார், இப்போது நான் நடத்துகிறேன். கடையில் சத்தம் போட்டவர்கள் பெரும்பாலும் மறுநாளே வந்துவிடுவார்கள். போகிறவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் போவார்கள். மாதம் பிறந்ததும் சாமான் பட்டியல் எழுதிய சிட்டையோடு வரும் ஒரு வீட்டிலிருந்து ஒரு முறை யாரும் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் வரவில்லை. பிறகு ஒரு நாள் அந்த வீட்டுப் பையன் வேறொரு கடையின் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, எங்கள் கடைப் பக்கம் திரும்பாமல் கடந்து போனான்.

அந்த வீட்டுக்கு மாதம் சுமார் 4,000 ரூபாய்க்குச் சாமான் போகும். ஆண்டுக்கு 48,000. பத்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம். வீட்டில் கல்யாணம் வந்தால் அந்தச் சிட்டையும் எங்களுக்குத்தான் வந்திருக்கும். புது ஆட்களை வரவழைக்க நோட்டீஸ் அடிக்கிறோம், பேனர் கட்டுகிறோம், அந்தச் செலவையெல்லாம் கணக்கில் எழுதுகிறோம். இந்த ஐந்து லட்சம் கைவிட்டுப் போனதை மட்டும் எங்கும் எழுதுவதில்லை. வெளியே இருப்பவரை அழைக்கும் அவசரத்தில் கடைக்குள் நிற்பவரைக் கவனிக்காமல் விடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

‘நம்ம ஆள்தானே’ என்ற நினைப்பு

காலை நேரம், கடையில் கூட்டம். பதினைந்து வருடமாக வாங்கும் அம்மா ஓரமாக நிற்கிறார். புதிதாக ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு அவசரமாகக் கேட்கிறார். நம் கை தானாகவே புதியவருக்குப் பொட்டலம் கட்டப் போகிறது. ‘அக்கா நம்ம ஆள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்’ என்று மனதுக்குள் ஒரு சமாதானம். அக்கா கோபித்துக்கொள்ளத்தான் மாட்டார். ஆனால் தன் பதினைந்து வருடத்துக்கு இந்தக் கடையில் கிடைக்கும் மரியாதை ஓரத்தில் நிற்பதுதான் என்று அவர் மனதில் பதிந்துவிடும்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. மூட்டையின் அடியில் நின்றுபோன பருப்பு, சற்றே ஈரம் பட்ட சீனி, நாள் நெருங்கிய ரவை இவற்றைத் தெரிந்தவரிடம் தள்ளிவிடுவது. புதியவருக்கு நல்ல சரக்கைக் காட்ட வேண்டும், பழையவர் பார்க்காமல் வாங்கிப் போவார் என்ற கணக்கு. அவர் பார்க்காமல் வாங்கிப் போவது நம்மை நம்பித்தான். அந்த நம்பிக்கையைச் சரக்கு தீர்க்கும் வழியாக்கிக்கொள்வது கடைக்காரன் செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம் என்று நான் நினைக்கிறேன். பழைய சரக்கை விற்க வேண்டுமானால் அதைத் தனியாக வைத்து, பழையது என்று சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம். வாங்க ஆள் இருக்கிறார்கள்.

சலுகையிலும் இதே கோணல்தான். முதல் முறை வாங்குபவருக்கு ஒரு பாக்கெட் இலவசம் என்று எழுதி வைப்போம். இருபது வருடமாக வாங்குபவருக்கு ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுக்க மறந்துவிடுவோம். அப்பா காலத்தில் சாமான் கட்டி முடித்ததும் கூட வந்த குழந்தையின் கையில் ஒரு கடலை மிட்டாய் வைப்பார். கொசுறுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் அதை எடுத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

எடை, விலை, சில்லறை

மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். முத்திரை ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கென்று பலர் அந்தச் சான்றிதழை மேஜைக்குள் வைத்திருக்கிறார்கள். அதைக் கல்லாவுக்கு மேலே, வாங்குபவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். தராசின் எண் தெரியும் பக்கத்தையும் அவரை நோக்கித் திருப்பி வையுங்கள். வீட்டில் சமையல் தராசு வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. அரைக் கிலோவில் இருபது கிராம் குறைந்ததை அவர்கள் நம்மிடம் சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

குளிர்பானப் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ‘கூலிங்’ என்று ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கூட்டி வாங்குவது இன்னும் நடக்கிறது. அதிகபட்ச சில்லறை விலை என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வாங்குவது குற்றம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு ரூபாய்க்காக ஏமாற்றப்பட்டோம் என்ற எரிச்சலோடு ஒருவரை வாசலிலிருந்து அனுப்பி வைப்பதில் என்ன வியாபாரம் இருக்கிறது?

சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட் கொடுப்பதும் அப்படித்தான். 2016-க்குப் பிறகு யுபிஐ வந்து இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டது. ஆனால் ‘50 ரூபாய்க்குக் குறைந்தால் ரொக்கம் மட்டும்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு நாமே அதை மறுபடி உண்டாக்கிக்கொள்கிறோம். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம் முதல் நாள் வாங்குவது தீப்பெட்டியும் உப்பும்தான். அந்தப் பதினைந்து ரூபாயில்தான் அவர்கள் கடையை எடை போடுகிறார்கள்.

விலை விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. விருதுநகர் சந்தை நிலவரம் நாளிதழ்களில் வருவதால், துவரம் பருப்பு எவ்வளவு இறங்கியது, மிளகாய் வற்றல் எவ்வளவு ஏறியது என்று வாங்க வருபவருக்கே தெரிந்திருக்கும். மூட்டை விலை ஏறினால் அன்று மாலையே கிலோ விலையை ஏற்றுவோம். இறங்கினால் மட்டும் ‘பழைய கொள்முதல், தீரட்டும்’ என்போம். இரண்டில் ஏதாவது ஒன்றை ஒழுங்காகக் கடைப்பிடிக்க வேண்டும். பழைய கொள்முதல் தீரும்வரை இறக்க முடியாது என்றால், ஏறும்போதும் பழைய சரக்கு தீரும்வரை பழைய விலைக்கே கொடுக்க வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். சில வாரம் கை கடிக்கிறது என்பதை மறைக்கவில்லை.

திருப்பிக் கொண்டு வரும் பொருள்

பருப்பில் வண்டு இருக்கிறது என்று ஒருவர் பொட்டலத்தோடு வந்தால், ‘இது நம் கடையில் வாங்கியதுதானா?’ என்று நம் வாய் முதலில் கேட்கிறது. இந்த ஒரு கேள்வி போதும், அவர் இனி குறையைச் சொல்ல வரமாட்டார், வாங்கவும் வரமாட்டார். முதலில் மாற்றிக் கொடுங்கள், பிறகு உங்கள் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். குறை சொல்ல மெனக்கெட்டு வந்தவர் உங்களை இன்னும் விட்டுவிடவில்லை.

கடன்

ரொக்கத்துக்கு மட்டும்தான் வியாபாரம் என்று எங்கள் பகுதியில் கடை நடத்த முடியாது. தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு வாரக் கூலி. தீபாவளி முடிந்த பிறகு பட்டாசு ஆலைகளில் சில வாரங்களுக்கு வேலை இருக்காது. அந்த வாரங்களில் அரிசி கொடுத்த கடையை அவர்கள் மறப்பதில்லை. ஆனால் வாடிக்கையாளரைச் சேர்க்கும் இதே கடன், வேறெதையும்விட வேகமாக அவரைப் பிரிக்கவும் செய்கிறது.

பாக்கி ஒரு அளவைத் தாண்டியதும் வாங்கியவருக்குக் கடைக்கு வரவே கூச்சமாகிவிடும். அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போவார். கையில் காசு இருக்கும் நாளிலும் வேறு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவார். பாக்கியும் நின்றுபோகும், வியாபாரமும் போகும். ‘ஏமாற்றிவிட்டான்’ என்று நாம் திட்டுவோம். பல நேரம் அங்கே இருப்பது வெட்கம் மட்டும்தான்.

இதில் முதல் தவறு, எல்லை சொல்லாமல் கொடுப்பது. எவ்வளவு வரை, எந்தக் கிழமைக்குள் என்று முதல் நாளே பேசிவிட்டால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை. இரண்டாவது, கணக்கை நம்மிடம் மட்டும் வைத்துக்கொள்வது. பற்று நோட்டு இரண்டு வேண்டும். ஒன்று கடையில், ஒன்று அவர்கள் வீட்டில். ஒவ்வொரு முறையும் இரண்டிலும் எழுத வேண்டும். மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது: நாலு பேர் நடுவில் கேட்பது, அதுவும் கடைக்கு வந்த குழந்தையிடம் கேட்பது.

முன்பு சொன்ன வீட்டுக்கு நாலு மாதம் கழித்து நேரில் போனேன். அந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டுத் தயக்கத்தோடுதான் சொன்னார். என் கடையில் வேலை பார்த்த பையன், அவர் மகனிடம், மற்ற பையன்கள் நிற்கும்போது, “அம்மாவிடம் பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சாமான் வாங்கச் சொல்” என்று சொல்லியிருக்கிறான். பாக்கி 340 ரூபாய். அந்தச் சமயம் நான் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தேன். ஆனால் பாக்கியை எப்படிக் கேட்பது என்று அந்தப் பையனுக்கு நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிழை என்னுடையது. மறுநாளே 340 ரூபாயைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். சிட்டை மட்டும் இன்னும் வரவில்லை.

பாக்கி ஏறி நிற்பவரிடம் இப்போது நான் தனியாகப் பேசுகிறேன். “பழைய பாக்கி அப்படியே நிற்கட்டும், வாரம் நூறு ரூபாயாகக் கொடுங்கள். புதிதாக வாங்குவதற்கு மட்டும் கையில் காசு கொடுங்கள்” என்கிறேன். எல்லாரும் முழுதாகத் தீர்த்துவிடவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை.

விசாரிக்காமல் விடுவது

வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கமும் சலுகைப் படமும் அனுப்புவதைத் தொடர்பு என்று நினைத்து நானும் சில மாதம் செய்தேன். பாதிப் பேர் ஒலியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். புள்ளிகள் சேர்க்கும் அட்டையும் பெரிய கடைகளுக்குப் பொருந்தும். வாங்குபவரை அங்கே யாருக்கும் தெரியாது, அதனால் அட்டை தேவைப்படுகிறது. நமக்கு அவர் வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை நோய், எந்த மாதம் மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்பது வரை தெரியும்.

மாதம் 10-ஆம் தேதி வாக்கில் கடை சாத்திய பிறகு நோட்டைப் புரட்டுகிறேன். அந்த மாதம் சிட்டை வராத வீட்டின் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த மாதமும் புள்ளி விழுந்தால் அந்த வாரமே போய் விசாரிக்கிறேன். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதில்லை. “எங்கள் கடையில் ஏதாவது குறை இருந்ததா அக்கா?” என்று மட்டும் கேட்கிறேன். போகும்போது பற்று நோட்டைக் கையில் எடுத்துப் போவதில்லை.