பள்ளிக்கூடத்துக் கோஷ்டிக்கு இன்னும் பயப்படாமல் தோழிகளோடு பழகுவது எப்படி?

பெண் பிள்ளைகள் பேசாமல் இருந்தே ஒருத்தியை நோகடித்துவிடுவார்கள். காயம் வெளியே தெரியாது. அதனால் வளர்ந்த பிறகும் பலருக்கு, தனக்கு நடந்ததைக் கொடுமை என்று சொல்ல வாய் வருவதில்லை. ஏழாம் வகுப்பில் "அவளோட பேசினா உன்னோடவும் பேசமாட்டோம்" என்று ஒருத்தி உத்தரவு போட, என் வகுப்பே கட்டுப்பட்டது. யாரும் என்மேல் கை வைக்கவில்லை. மதிப்பெண் அட்டையில் ஆசிரியை 'அமைதியான பெண்' என்று எழுதினார். பேச ஆளே இல்லாதவள் வேறு எப்படி இருப்பாள்?

ஆகவே முதல் வேலை, நடந்ததை எழுதுவது. 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்று எழுதாதீர்கள், அது தீர்ப்பு. யார் என்ன சொன்னாள், எவ்வளவு காலம் நீடித்தது, யாரெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்பது மட்டும் போதும். காய் விட்டு மறுநாளே பழம் விட்டதெல்லாம் வெறும் சண்டை, அதைச் சேர்க்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குள் நடக்கும் கொடுமையை ஆராய்ந்த முன்னோடி டான் ஓல்வியஸ், கொடுமைக்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. எழுதும்போது கை நடுங்கினால், தூக்கம் போனால், நிறுத்திவிடுங்கள். மிச்சத்தை ஒரு மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து எழுதலாம்.

"சின்னப் பிள்ளைங்க விஷயம், இன்னுமா?" என்று கேட்பார்கள். பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 7, 11 வயதுகளில் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம் 50 வயதிலும் மன உளைச்சல் கூடுதலாகவே இருந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 'இன்னுமா' என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

அடுத்து, அன்று கற்ற தற்காப்பு இன்று எங்கே தலை காட்டுகிறது என்று கவனியுங்கள். மூன்று பேர் சேர்ந்து இருக்கும் இடத்தில், மற்ற இருவரும் எவ்வளவு நெருக்கம் என்று என் மனம் தானாகவே கணக்குப் போடும். சிலர் தேவையில்லாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிலர் கேட்காமலே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். "எனக்குப் பொண்ணுங்களோட ஒத்தே வராது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால், எந்த வகுப்பில் நடந்தது என்று கேட்கத் தோன்றும்.

பயம் வரும் நேரத்தில், பார்த்ததையும் நீங்களாகச் சேர்த்ததையும் பிரித்துவிடுங்கள். நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லை: இது பார்த்தது. என்னை ஒதுக்குகிறாள்: இது சேர்த்தது. பிறகு நேராகக் கேளுங்கள், சுருக்கமாக. "நேத்து எல்லாரும் வெளியே போனீங்களாமே. அடுத்த தடவை என்னையும் கூப்பிடுங்க." அவ்வளவுதான், விளக்கம் வேண்டாம். பெரும்பாலும் "அய்யோ, உனக்கு வேலை இருக்கும்னு நினைச்சோம்" என்றுதான் பதில் வரும். முதல்முறை பேசிக்கொள்ளும் இருவரில் ஒவ்வொருவரும், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றும் காட்டியது. ஆனால் கேட்டும் கேட்டும் மழுப்பினால், அதை நம்புங்கள். அலுவலகத்திலும் கோஷ்டி உண்டு, எல்லாமே உங்கள் கற்பனை இல்லை. அப்படிப்பட்ட கூட்டத்தை மொத்தமாக வளைத்துப் போட நினைக்காமல், அதில் ஒருத்தியோடு மட்டும் தனியாகப் பழகிப் பாருங்கள்.

கோஷ்டியைப் பற்றியே யோசித்து, கூட நின்றவளை மறந்துவிடுகிறோம். எனக்குப் பக்கத்து வகுப்பில் ஒருத்தி இருந்தாள். நூலகப் புத்தகத்தை மாற்றிக்கொள்ள வருவாள், என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கோஷ்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அதே மாதிரிதான் வந்து நிற்பாள். புதிதாக ஒருத்தியோடு பழகும்போது நான் இன்றும் அதைத்தான் பார்க்கிறேன்: தனியாக இருக்கும்போதும் நாலு பேர் முன்னாலும் ஒரே மாதிரி இருக்கிறாளா? அங்கே இல்லாதவளைப் பற்றி எப்படிப் பேசுகிறாள்? உங்களுக்கும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். அவள் என்ன செய்தாள் என்று எழுதி வையுங்கள். தோழியைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

சரி, பழைய மாணவிகள் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தலைவி பூங்கொத்துப் படம் அனுப்பினால்? அவளுக்குப் பெரும்பாலும் எதுவும் நினைவிருக்காது. பேச ஆசையிருந்தால் தனியாகப் பேசுங்கள், ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். அதற்கு முன்னால், "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே" என்ற பதிலைத் தாங்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாதென்றால் பேச வேண்டாம். மன்னிக்கச் சொல்லி யாராவது நெருக்கினாலும் அவசரமில்லை. குழுவை மியூட் செய்யலாம், வெளியேறவும் செய்யலாம், காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.