'வெரி ஹியூஜ்' ஏன் ஒட்டுவதில்லை? பெரியதையும் சிறியதையும் ஆங்கிலத்தில் சொல்லும் வழி

பெரிதாக எதைப் பார்த்தாலும் 'வெரி பிக்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்தும், எழுத உட்காரும்போது ஒன்றும் கைக்கு வரவில்லை. கடைசியில் கைகொடுத்தது இந்த வழிதான்.

படி 1: எந்த வகையில் பெரியது?
பரப்பு என்றால் வாஸ்ட். கடல், பாலைவனம், வானம் எல்லாம் இதில் அடங்கும். ஆளைச் சொல்ல இது பொருந்தாது. கனமும் திண்மையும் தெரிந்தால் மாசிவ். மற்றதற்கெல்லாம் ஹியூஜ், எனார்மஸ் போதும். ஜம்போ 1865இல் லண்டன் விலங்குக்காட்சி சாலைக்கு வந்த யானையின் பெயர். அதன் புகழால்தான் 'மிகப் பெரிய' என்ற பொருள் பரவியது. ஜம்போ ஜெட், ஜம்போ பாக்கெட் என்று பெயருக்கு முன்னால் மட்டும் வையுங்கள்.

படி 2: 'வெரி'யை எடுத்துவிடுங்கள்
நான் நெடுநாள் தடுக்கியது இங்கேதான். 'மிகப் பெரிய' என்போம், 'மிக மாபெரும்' என்போமா? 'மா'விலேயே அந்த மிகுதி வந்துவிட்டது. ஹியூஜ், எனார்மஸ், டைனி மூன்றும் அப்படித்தான். 'வெரி' அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் 'அப்சல்யூட்லி ஹியூஜ்' என்று எழுதுங்கள். பிக், லார்ஜ், ஸ்மால் முன்னால் 'வெரி' தாராளமாக வரலாம்.

படி 3: எதிர்ச்சொல்
ஹியூஜுக்கு டைனி. கண்ணுக்கே தெரியாத அளவு என்றால் மைக்ரோஸ்காபிக். எள்ளளவு, கடுகளவு என்று நாம் சொல்லும் இடத்தில் மைன்யூட் அழகாக உட்காரும். ஆனால் இதற்கும் நிமிடத்தைக் குறிக்கும் மினிட்டுக்கும் எழுத்து ஒன்றே! பலர் முன்னால் 'மினிட்' என்று வாசித்துவிட்டு, வாக்கியம் புரியாமல் நின்றிருக்கிறேன். அளவைச் சொல்லும்போது மைன்யூட். அழுத்தம் இரண்டாவது அசையில். அப்புறம், லிட்டில் வெறும் அளவோடு நிற்காது, பல இடங்களில் 'குட்டி' என்ற செல்லமும் சேர்ந்து வரும். அளவு மட்டும் போதுமென்றால் ஸ்மால்.

அகராதியில் ஆங்கிலம்–தமிழைவிட, கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கிலம்தான் என் தேர்வு. தமிழில் எல்லாவற்றுக்கும் 'மிகப் பெரிய' என்றே போட்டிருப்பார்கள். எது எதோடு சேரும் என்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் தெரியும்.

பின்சேர்க்கை: எனார்மஸின் பெயர்ச்சொல் எனார்மிட்டியா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது முதன்மையாகக் குற்றத்தின் கொடுமையையும், ஒரு நிலைமையின் தீவிரத்தையும் குறிக்கும். கட்டடத்தின் பிரம்மாண்டத்துக்கு அதை எழுதாதீர்கள். 'எனார்மஸ் சைஸ்' என்றே எழுதிவிடலாம்.