27 மெகாஹெர்ட்ஸ் பேஸ் ஆன்டெனா: நிறுத்துவதும் ட்யூன் செய்வதும்

சி.பி. எனப்படும் 27 மெகாஹெர்ட்ஸ் இருவழிப் பேச்சு ரேடியோவுக்காக வீட்டுக் கூரையில் நிற்கும் ஆன்டெனாவுக்கு ட்யூனிங் என்பது அரை மணி நேர வேலை. மிச்ச நேரமெல்லாம் குழாய், கயிறு, கேபிள், எர்த் என்றே போகும். கோளாறு வருவதும் பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான். இங்கே எடுத்துக்கொள்வது கால் அலைநீள கிரவுண்ட் பிளேன் வகை: நேரே நிற்கும் அலுமினியக் குழாய் ஒன்று, அதன் அடியிலிருந்து சரிந்து இறங்கும் ரேடியல் கம்பிகள் நான்கு. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிடச் சாதுவான ஆன்டெனா கிடையாது. இந்த அலைவரிசையில் யார், எவ்வளவு பவரில் பேசலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இடம் பார்ப்பது

கம்பத்தின் உயரத்தையும் ஆன்டெனாவின் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்குங்கள். 5 மீட்டர் கம்பம், 2.6 மீட்டர் ஆன்டெனா என்றால் ஏறக்குறைய 15 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் மின்கம்பி ஓடினால் அந்த இடம் வேண்டாம். கம்பிக்கு மேலே கறுப்பு உறை தெரிகிறதே என்று நம்பக் கூடாது. வெயிலும் மழையும் பட்ட உறை எங்கே வெடித்திருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. தூக்கும்போது கம்பம் சாய்ந்தால் பிடிக்கப் பாயாமல் விட்டுவிட்டு விலகுங்கள். வளைந்த ஆன்டெனாவை மாற்றிக்கொள்ளலாம்.

காற்று இல்லாத, ஈரமில்லாத நாளில், குறைந்தது இரண்டு பேர். தனியாக ஏணி ஏற வேண்டாம்.

தேவையானவை

38 மி.மீ. விட்டமுள்ள ஜி.ஐ. பைப் 5 மீட்டர், அதைச் சுவரில் பிடிக்க இரண்டு பிராக்கெட், யூ போல்ட்டுகள், ஆர்.ஜி-213 கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதன் மேல் கம்பிப் பின்னல்), அதன் முனைகளுக்கு பி.எல்-259 கனெக்டர் இரண்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், வெயில் தாங்கும் பாலியெஸ்டர் கயிறு, செம்பு பூசிய எர்த் ராட், 16 சதுர மி.மீ. செம்புக் கம்பி, கோஆக்ஸுக்கான மின்னல் அரெஸ்டர், எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பும் பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏற மோசம்), மல்டிமீட்டர்.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 30 மீட்டர் ஓட்டத்தில் மெல்லிய ஆர்.ஜி-58 இரண்டு டெசிபெலுக்கு (பவர் இழப்பை அளக்கும் அலகு; மூன்று டெசிபெல் போனால் பாதிப் பவர்) மேல் தின்றுவிடும், ஆர்.ஜி-213-இல் அது ஒரு டெசிபெலை ஒட்டித்தான் இருக்கும். பத்து மீட்டருக்குள் என்றால் மெல்லிய கேபிளே போதும்.

கம்பமும் ஆன்டெனாவும்

பிராக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். நெருக்கமாகப் போட்டால் காற்றில் கம்பம் நெம்புகோல் மாதிரி சுவரைப் பிளக்கும். பைப்பின் மேல்வாயை மூடிவிடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் மூன்று கயிறுகளை 120 பாகை இடைவெளியில் கட்டி, கட்டிய உயரத்தில் முக்கால் பங்காவது தள்ளி முளை அடியுங்கள். கயிற்றை வீணைத் தந்திபோல் முறுக்க வேண்டியதில்லை. தொய்வு இல்லாமல் இருந்தால் சரி.

27.185 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 2.76 மீட்டர். குழாயின் தடிமனால் உண்மையில் ஒத்திசையும் நீளம் சுமார் 2.62 மீட்டருக்கு இறங்கும். தொடக்கத்தில் 2.68 வையுங்கள், குறைத்துக்கொண்டு வருவது சுலபம். ரேடியல்கள் தலா 2.75 மீட்டர், 45 பாகை சரிவில். கிடைமட்டமாக விரித்தால் இம்பிடன்ஸ் (ரேடியோ மின்னோட்டத்துக்கு ஆன்டெனா காட்டும் தடை) 36 ஓம் பக்கம் நிற்கும். சரித்தால் கேபிளுக்கு ஏற்ற 50 ஓமை நெருங்கும். பேசும்போது ரேடியல் நுனியைத் தொட்டால் தோல் சுடும். அதனால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கனெக்டர்: இங்கேதான் பாதிப் பேர் வழுக்குவது

சுழலும் மூடியை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள். சால்டர் முடித்த பிறகு அது மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாதவர் இல்லை. பிறகு வெளியுறையை 29 மி.மீ. உரித்து, நுனியிலிருந்து 16 மி.மீ. வரை நடுக்கம்பியை வெளியே எடுங்கள். பின்னலை 11 மி.மீ. மட்டும் விட்டு வெட்டி, ஈயம் பூசி, கனெக்டரைத் திருகி ஏற்றுங்கள். பக்கத் துளைகள் வழியே பின்னலைச் சால்டர் செய்ய 80 முதல் 100 வாட் இரும்பு வேண்டும். 25 வாட் இரும்பை நெடுநேரம் பிடித்தால் ஈயம் ஓடுவதற்குள் உள்ளே வெள்ளைக் காப்பு உருகி, நடுக்கம்பி ஓரத்துக்குச் சாய்ந்துவிடும்.

ஆறியதும் மல்டிமீட்டரில் ஊசிக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். இணைப்பே இருக்கக் கூடாது. பின்னலில் ஒற்றை இழை தப்பி நடுவைத் தொட்டாலும் ஷார்ட். இந்த ஆன்டெனாவை மாட்டிய பிறகும் திறந்ததாகவே காட்டும். அடியில் காயில் (கம்பிச்சுருள்) வைத்த வேறு வகைகள் சில ஷார்ட் போலக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு கனெக்டரை வெட்டிவிடாதீர்கள்.

மேல்முனையை மாட்டியபின் ரப்பர் டேப்பை இரு மடங்காக இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓட்டுக்கூரை அடுக்குபோல. அதன் மேல் சாதாரண பிவிசி டேப். பின்னலுக்குள் புகுந்த தண்ணீர் திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல் மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். பிறகு அந்தக் கேபிள் தேறாது.

ஆன்டெனாவுக்குக் கீழேயே கேபிளை 11 செ.மீ. பிவிசி குழாயில் 5 அல்லது 6 சுற்று, பக்கம் பக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். கேபிளின் வெளிப்புறத்தில் வழிந்து வரும் ரேடியோ மின்னோட்டத்தை இது தடுக்கும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒருமுறை தொங்கவிட்டு மேலேற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எர்த்

கம்பத்தையும் அரெஸ்டரையும் செம்புக் கம்பியால் எர்த் ராடுக்கு இணையுங்கள். வழி நேராக, குறுகியதாக, சட்டென்று மடங்காமல் இருக்க வேண்டும். அந்த ராடை வீட்டின் முதன்மை எர்த்தோடும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கில் வோல்ட் எழும். அது ரேடியோ வழியாகத்தான் கடக்கப் பார்க்கும். இந்த இணைப்பை எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நேரடி இடியை எந்த அரெஸ்டரும் தாங்காது. மேகம் கூடும்போதே கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடாதீர்கள்.

ட்யூனிங்

ஆன்டெனா தன் இடத்தில், முழு உயரத்தில் நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். தரையில் படுக்கவைத்து 1.1 வாங்கினால் மேலே போனதும் அது மாறிவிடும்.

மீட்டரை ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவே போடுங்கள். ஏ.எம். அல்லது எஃப்.எம். மோடில், யாரும் பேசாத சானலில் மைக் பொத்தானை அழுத்தி, முள்ளை முழு அளவுக்குக் கொண்டுவந்து, ஸ்விட்சை எஸ்.டபிள்யூ.ஆர். பக்கம் தள்ளிப் படியுங்கள். வாய் திறக்க வேண்டாம். சில வினாடிகளே போதும். 40 சானல் அமைப்பில் 1 (26.965), 20 (27.205), 40 (27.405) ஆகிய மூன்றிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

1.2, 1.4, 1.6 என்று ஏறிக்கொண்டே போனால் ஆன்டெனா நீளம், குறையுங்கள். இறங்கிக்கொண்டே வந்தால் குட்டை, நீட்டுங்கள். 1 செ.மீ. மாற்றினால் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் நகரும். 2 செ.மீ. வீதம் மாற்றி, ஒவ்வொரு முறையும் மூன்று சானலிலும் பாருங்கள். குழாயைத் தொடுவதற்கு முன் ரேடியோவின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். நடுச் சானலில் குறைந்தபட்சம் விழுந்து, இரு ஓரமும் ஏறக்குறைய சமமானால் க்ளாம்பை இறுக்கிவிடலாம். 1.2-ஐ 1.0 ஆக்க மறுபடி ஏணி ஏற வேண்டாம்: 1.5-இல்கூடத் திரும்பி வருவது 4 சதவீதம்தான். 2-இல் 11, 3-இல் 25. மூன்றைத் தாண்டினால் பேசாதீர்கள், ரேடியோவின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

எல்லாச் சானலிலும் 3-க்கு மேல் என்றால் நீளத்தைத் தொடாதீர்கள். ஷார்ட், அறுந்த இணைப்பு, பக்கத்தில் தகரக் கூரை, இந்த மூன்றில் ஒன்று.

எங்கும் 1.1 காட்டினாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். குழாயை 10 செ.மீ. நீட்டிப் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் போகிற பவரையும் திரும்புகிற பவரையும் கேபிளே விழுங்குகிறது. ஆன்டெனா அனலைசர் (ரேடியோ இல்லாமலே எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் கருவி) கையில் இருந்தால், கேபிளின் மேல்முனையை எதிலும் மாட்டாமல் திறந்துவிட்டுக் கீழே அளக்கலாம்: நல்ல ஆர்.ஜி-213, 30 மீட்டரில், 7-க்கு மேல் காட்டும். 3 காட்டினால் ஒருவழிப் பயணத்திலேயே பாதிப் பவர் போகிறது. அந்தக் கேபிளை மாற்றிவிட்டு முதல் அளவிலிருந்து தொடங்குங்கள்.